மாணிக்கவேலு மாளிகை

மதுரைக்குத் தெற்கே, விமான நிலையத்தை நோக்கிச் செல்லும் சாலையில் வில்லாபுரம் என்னும் பகுதி உள்ளது. தோட்டத்தின் நடுவே அமைந்த செல்வர் மாளிகையை ஐரோப்பியர் தம் மொழிகளில் 'வில்லா' என்று வழங்குவர். இவ்விரண்டு பெயருக்கும் உறவு கற்பிக்க நான் முன்வரவில்லை. ஊர்ப்பெயர் ஆராய்ச்சியில் ஒலியொற்றுமை ஒன்றையே தெப்பமாகக் கொண்டு இறங்கியவர் கரையேறுவது அரிது. ஆயினும் அச்சொல்லை வைத்து வில்லாபுரத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் வேடிக்கையாகப் பேசியது நினைவிற்கு வருகின்றது. "வில்லா இல்லாத வில்லாபுரத்திலிருந்து வருகிறேன், ஐயா, வீட்டுவசதி வாரியம் கட்டிய வீடுகளே எங்கள் மாளிகைகள்" என்றார் அவர். அவர் அப்பொழுதுதான் கல்லூரிச் சுற்றுலாவில் பெங்களூர் சென்று, அங்குள்ள தேசிய நவீன கலைக்கூடத்தைக் கண்டு திரும்பியிருந்தார். ஓவியங்களில் பாதி விளங்கின, பாதி விளங்கவில்லை என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். பின்னர் ஒரு வினா எழுப்பினார். "நாட்டு மக்களுக்கு உரிய ஓவியங்களை, யாரோ ஒரு செல்வர் குடியிருந்த பங்களாவிலே ஏன் வைத்திருக்கிறார்கள்? அரசாங்கத்தாருக்குப் புதிதாக ஒரு கட்டடம் கட்ட இயலாதா?"

நல்ல வினா. அன்று அவர் ஏறவேண்டிய பேருந்து வந்துவிட்டமையால் என் விடை பாதியில் நின்றது. மீதியை இன்று சொல்லலாம் என்று எண்ணுகின்றேன்.

விடையைப் பெங்களூரில் தொடங்காமல் மதுரையிலேயே தொடங்குதல் தகும். மாட்டுத்தாவணிக்குச் செல்லும் வழியில் தமுக்கம் மாளிகையைக் காணாதார் மதுரையில் இல்லை. நாயக்கர் காலத்தில், 17-ஆம் நூற்றாண்டில் எழுந்து, இராணி மங்கம்மாளின் கோடைமாளிகையாக விளங்கியது அது. நாயக்கர் ஆட்சி மறைந்தது, ஆர்க்காட்டு நவாபின் ஆட்சி வந்து போயிற்று, கும்பினியார் வந்தனர். வெள்ளைக்கார அதிகாரிகள் அம்மாளிகையில் குடியேறினர். நாடு விடுதலை பெற்ற பின்னரும் அது அதிகாரியின் இல்லமாகவே இருந்தது. 1955-ஆம் ஆண்டில் மாநில அரசு அதனைச் சுற்றியிருந்த 13 ஏக்கர் நிலத்தோடு காந்தி நினைவு நிதிக்கு வழங்கியது. 1959 ஏப்ரல் 15-ஆம் நாள் நேரு பெருமகனார் அதனைக் காந்தி நினைவு அருங்காட்சியகமாகத் திறந்து வைத்தார். அரசியார் உலவிய மாடத்தில் இன்று பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நடந்து செல்கின்றனர். அண்ணல் உயிர் நீத்த அன்று அணிந்திருந்த குருதி தோய்ந்த ஆடை அங்கே பேணப்படுகின்றது.

இதே மதுரையில் இன்னொரு மாளிகையின் கதையையும் கேளுங்கள். திருமலை நாயக்கர் 1636-ஆம் ஆண்டளவில் எழுப்பிய அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது கால் பங்கு என்பர். முக்கால் பங்கு எங்கே போயிற்று? பகைவரின் பீரங்கியைக் குறை சொல்ல வேண்டா. திருமலை மன்னரின் பெயரரான சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது, பாட்டனார் கட்டிய அரண்மனையைப் பிரித்துத் தூணும் மரமும் சிற்பமும் அங்கே கொண்டு சென்றார். குடியிருப்பார் இல்லாமல் நின்ற மீதிப் பகுதியும் சிதைந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை மாநில ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு பழுது பார்க்க ஏற்பாடு செய்திராவிட்டால், நாம் இன்று காணும் சொர்க்க விலாசமும் நூலில் படிக்கும் செய்தியாகியிருக்கும்.

ஆள் மாறி ஆள் குடியிருந்தமையால் தமுக்கம் தப்பியது. ஆள் இல்லாமையால் மகாலின் முக்கால் பங்கு மறைந்தது. கட்டடத்தைக் காப்பது சுண்ணாம்பு மட்டுமன்று. அதனை யாரேனும் நாள்தோறும் பயன்படுத்த வேண்டும். மாணவர் வினாவிற்கு என் விடையின் முதற்பகுதி இதுவே.

இனி, பெங்களூரில் உள்ள ஓவியங்கள் மதுரை மாணவருக்கு அயலானவையா என்று பார்ப்போம். நவீன இந்திய ஓவிய வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கிளிமானூர் இரவிவர்மாவிலிருந்து தொடங்குவர். 1848-இல் பிறந்து 1906-இல் மறைந்தவர் அவர். அவருக்கு முதன்முதல் கோடு போடக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய மாமன் இராஜராஜவர்மா. அந்த மாமனுக்குக் குரு யார்? மதுரையைச் சேர்ந்த அழகிரி நாயுடு என்னும் ஓவியர். கீர்த்தனங்களால் நாம் நன்கறிந்த சுவாதித் திருநாள் மன்னர் அவரைத் திருவிதாங்கூர் அவைக்கு வரவழைத்து ஆதரித்தார். நம் வைகைக் கரையிலிருந்து சென்ற ஒருவருடைய கைத்திறம், இரண்டு தலைமுறை கடந்து இரவிவர்மாவின் தூரிகையில் சேர்ந்தது.

இரவிவர்மா 1862-இல் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தபோது அரண்மனையில் இராமசாமி நாயக்கர் என்பவர் பெயர்பெற்ற ஓவியராய் இருந்தார். எண்ணெய் வண்ணம் தீட்டும் நுட்பத்தை இளைஞரான வர்மாவுக்குச் சொல்லித்தர அவர் இசையவில்லை என்றும், அவருடைய மாணாக்கரான ஆறுமுகம் பிள்ளை மறைவாக வந்து கற்பித்தார் என்றும் வரலாறு கூறுவோர் சொல்வர். குரு மறுத்ததைச் சீடன் இரவில் வந்து கொடுத்தான்! தொழில் இரகசியம் என்று பூட்டி வைத்த வித்தை எப்படியும் ஒரு சாளரத்தின் வழியே வெளியேறிவிடுகின்றது. வர்மாவே பின்னர் 1894-இல் பம்பாயில் அச்சுக்கூடம் நிறுவித் தம் ஓவியங்களைப் பல்லாயிரம் படிகளாக அச்சிட்டார். அரண்மனைச் சுவரில் இருந்த இலக்குமியும் சரசுவதியும் குடிசையின் மண்சுவருக்கும் வந்து சேர்ந்தனர். நம் பாட்டிமார் பூசையறையில் கண்ணாடியிட்டு மாட்டியிருந்த படங்களுள் அவை உண்டு.

இரவிவர்மாவின் வழியை மறுத்து, அயல்நாட்டு நடையை விட்டு நம் பழஞ் சித்திர மரபிற்குத் திரும்ப வேண்டும் என்று வங்காளத்தில் அவனீந்திரநாத தாகூரும் அவர் மாணவர் நந்தலால் வசுவும் முயன்றனர். யாமினி ராய் கிராமத்துப் பட ஓவியரின் தடித்த கோட்டைத் தமதாக்கிக்கொண்டார். இவர்களைப் பற்றி விரிக்க இன்று நேரமில்லை. ஆனால் ஓர் அம்மையாரைப் பற்றி மட்டும் சொல்லாமல் செல்ல முடியாது. புடாபெஸ்ட் நகரில் 1913-இல் சீக்கியத் தந்தைக்கும் அங்கேரிய அன்னைக்கும் மகளாய்ப் பிறந்தவர் அமிர்தா சேர்கில். பாரிசில் ஓவியம் பயின்றார். தாயகம் திரும்பி, அஜந்தாவையும் கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனையின் சுவர்ச்சித்திரங்களையும் கண்டு, குமரிமுனை வரை வந்தார். அப்பயணத்தின் பயனாக 1937-இல் மூன்று பெரிய ஓவியங்களைத் தீட்டினார். குடுமி வைத்த பிரமசாரிச் சிறுவர் ஐவர் அமர்ந்திருப்பது ஒன்று. மணமகளை அலங்கரிப்பது ஒன்று. தென்னாட்டுக் கிராமத்தார் சந்தைக்குச் செல்வது ஒன்று. அவற்றிலுள்ள முகங்கள் நம் தெருவில் நாம் காண்பவை. மண்ணின் செம்மையும் தோலின் கருமையும் வேட்டியின் வெண்மையும் அப்படியே இருக்கின்றன. 1941 திசம்பரில், இருபத்தெட்டாம் வயதில், இலாகூரில் அவர் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற ஓவியங்களைத் தக்க முறையில் வைக்க அன்று நாட்டில் ஒரு கூடம் இல்லை.

அக்குறையை நீக்கத்தான் விடுதலைக்குப் பின் தில்லியில் தேசிய நவீன கலைக்கூடம் அமைந்தது. அதற்கும் ஒரு மாளிகையே கிடைத்தது. வெள்ளையர் ஆட்சியில் சுதேச மன்னர்கள் புதுதில்லியில் தங்குவதற்கென்று தத்தமக்கு மாளிகை எழுப்பிக்கொண்டனர். இந்தியா கேட்டைச் சுற்றி அவை ஒன்றுக்கொன்று போட்டியாக நிற்கின்றன. அரசர்கள் போனபின் அவற்றின் ஊழ் வேறு வேறாயிற்று. பரோடா மாளிகை இரயில்வே அலுவலகம் ஆயிற்று. பட்டியாலா மாளிகையில் நீதிமன்றம் வந்தது. ஐதராபாத் மாளிகையில் அரசு விருந்தினர்க்கு விருந்து நடக்கின்றது. 1936-இல் கட்டப்பெற்ற ஜெய்ப்பூர் மாளிகைக்கு வாய்த்தது ஓவியம். நடுவில் குவிமாடமும் இருபுறமும் விரிந்த சிறகுகளுமாக, வண்ணத்துப்பூச்சி அமர்ந்தாற்போன்ற அமைப்புடையது அது. 1954 மார்ச் 29-ஆம் நாள், நேருவின் முன்னிலையில், அன்று குடியரசுத் துணைத் தலைவராயிருந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார். பரோடா அருங்காட்சியகத்தில் பணியாற்றிய செருமானிய அறிஞர் எர்மன் கெட்சு அதன் முதற் காப்பாளர் ஆனார். சேர்கிலின் ஓவியங்களில் மிகப்பெரிய தொகுதி இன்றும் அங்கேதான் இருக்கின்றது. சென்னைக் கடற்கரையில் 1959 முதல் நிற்கும் உழைப்பாளர் சிலையை அறிவீர்கள். சென்னைக் கலைப்பள்ளியின் தலைவராயிருந்த தேவிபிரசாத ராய் சௌதுரி செய்தது. அதே சிற்பம் தில்லிக் கூடத்தின் தோட்டத்திலும் நிற்கின்றது. தில்லிக்குச் செல்லும் தமிழருக்கு வாயிலிலேயே ஊர்க்காரர் நால்வர் பாறையை நெம்பிக்கொண்டு காட்சி தருவர்.

ஆனால் தில்லி தொலைவு. நாட்டின் பொதுச்சொத்து என்று சொல்லிக்கொண்டு, இரண்டு பகல் இரண்டு இரவு இரயிலில் செல்வோர்க்கே காட்டுவது எவ்வளவு பொதுமை? ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தென்னாட்டு மாணவர் இக்கூடத்தின் ஓவியங்களைப் பெரும்பாலும் அச்சுப்படங்களிலேயே கண்டனர். அச்சுப்படத்தில் வண்ணம் மாறும், அளவு தெரியாது, தூரிகை சென்ற தடம் தெரியவே தெரியாது. பம்பாயில் 1911-இல் எழுந்த கவாஸ்ஜி ஜெகாங்கீர் மண்டபத்தில் 1996-இல் ஒரு கிளை தோன்றியது. தெற்கே ஒரு கிளை தோன்ற இன்னும் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. அதற்கு இடம் தந்த வீட்டைப் பற்றித்தான் இன்று முதன்மையாகப் பேச வந்தேன்.

பெங்களூரில் பாலஸ் ரோடு என்னும் சாலையில், மூன்றரை ஏக்கர் தோட்டத்தின் நடுவே நிற்கின்றது மாணிக்கவேலு மாளிகை. பெயரைக் கேட்டவுடனே தமிழ்ப் பெயர் என்று அறிவீர்கள். இராஜா மாணிக்கவேலு முதலியார் எளிய குடும்பத்தில் பிறந்தவர். மைசூர் அரச குடும்பத்தாரிடமிருந்து மாங்கனீசு, குரோம் சுரங்கங்களைக் குத்தகைக்கு எடுத்து வாணிகம் செய்து பெருஞ்செல்வர் ஆனார். இந்தக் கனிமங்களின் மதிப்பை இக்காலத்து வேதியியல் மாணவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாங்கனீசு சேராத எஃகு காய்ச்சி அடிக்கையில் வெடிக்கும். குரோமியம் சேர்ந்தால் எஃகு துருப்பிடியாது. தண்டவாளம், கப்பல், பீரங்கி ஆகிய எல்லாவற்றிற்கும் இவை வேண்டும். மலையைக் குடைந்து எடுத்த கறுப்பு மண் கப்பலேறிச் சென்று பொன்னாகத் திரும்பிய காலம் அது.

அச்செல்வத்தைக் கொண்டு, தம் பெரிய குடும்பம் ஒருங்கே வாழ வேண்டும் என்று, மைசூர் யுவராஜரிடமிருந்து இம்மாளிகையை அவர் விலைக்கு வாங்கினார். அரச குடும்பத்தாரின் வீடு, சுரங்கக் குத்தகைதாரரின் வீடாயிற்று. நம் நாட்டின் சமூக வரலாற்றில் இது ஒரு சிறு அடையாளம். பிறப்பால் வந்த உயர்வு தளர்ந்து, வாணிகத்தால் வந்த உயர்வு அதன் படிக்கட்டில் ஏறியது.

கனிம வாணிகம் நிலையானதன்று. உலகச் சந்தையில் விலை ஏறும், இறங்கும். ஏறும்போது வாங்கிய கடன், இறங்கும்போது கழுத்தைப் பிடிக்கும். முதலியாரின் வாணிகம் நொடித்தது. கடனைத் தீர்க்க இயலவில்லை. மாளிகை ஏலத்திற்கு வந்தது. ஏலம் என்னும் சொல்லைப் பத்திரிகையில் நாம் எளிதாகப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறோம். ஒரு குடும்பத்தின் கூடத்தில் அயலார் வந்து நின்று, அளந்து, விலை கூறும் நாள் அது. குழந்தைகள் ஓடிய தாழ்வாரத்திற்குச் சதுர அடிக் கணக்கு எழுதப்படும் நாள்.

1964-இல் பெங்களூர் நகர அபிவிருத்தி டிரஸ்டு போர்டு மாளிகையைத் தன் வசமாக்கிக்கொண்டது. பின்னர் அது வீட்டுவசதி வாரியத்தின் கைக்கு மாறிற்று. வில்லாபுரத்து மாணவரின் முகம் இவ்விடத்தில் மலரும் என்று நினைக்கின்றேன். அவருடைய வீட்டைக் கட்டியதும் இத்தகைய வாரியம் ஒன்றுதான் அன்றோ! பலருக்கு வீடு அமைப்பதற்கென்று தோன்றிய நிறுவனத்தின் கையில், ஒருவர் இழந்த வீடு சேர்ந்தது.

1964-இலிருந்து 2000 வரையுள்ள முப்பத்தாறு ஆண்டுகளை வரலாற்று மாணவர் கூர்ந்து நோக்க வேண்டும். பெங்களூர் ஒரு பூங்கா நகரிலிருந்து பெருநகராக வளர்ந்த காலம் அது. தோட்டமும் தாழ்வாரமும் உடைய பழைய பங்களாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடிபட்டு, அவ்விடத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. நகரின் நடுவே மூன்றரை ஏக்கர் நிலம் என்பது யாருடைய கண்ணையும் உறுத்தும் செல்வம். இடித்து விற்றிருந்தால் கேட்பார் இருந்திருக்க மாட்டார். 2000-ஆம் ஆண்டில் மத்தியக் கலாசாரத் துறை கலைக்கூடம் அமைப்பதற்காக மாளிகையைக் குத்தகைக்குப் பெற்றது. சுரங்கக் குத்தகையால் வாங்கப்பட்ட வீடு, கலைக் குத்தகையால் பிழைத்தது.

குத்தகை பெற்ற உடனே கூடம் திறந்துவிடவில்லை. ஒன்பது ஆண்டுகள் சென்றன. அரசாங்க வேலை மெல்ல நடந்தது என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம்; பாதி உண்மைதான். மற்றப் பாதி, வேலையின் இயல்பு. குடியிருக்கக் கட்டிய வீட்டைக் காட்சிக்கூடம் ஆக்குவது எளிதன்று. வீட்டிற்குச் சாளரம் அழகு. ஓவியத்திற்குச் சாளரம் பகை. வெயில் படப்பட நீர்வண்ணம் வெளிறிப் போகும், காகிதம் பழுப்பேறும். மழைக்காலத்து ஈரம் சுவரின் வழியே ஏறித் துணிக்குப் பின்னால் பூசணம் பிடிக்கச் செய்யும். ஆகவே ஒளியை மறைக்க வேண்டும். காற்றின் ஈரத்தை அளந்து கட்டுப்படுத்த வேண்டும். அதற்கான குழாயும் கம்பியும் பழைய சுவரைச் சிதைக்காமல் செல்ல வேண்டும். படுக்கையறையின் சுவர் அளவு பெரிது என்றாலும், இக்காலத்து ஓவியர் சிலர் இருபது அடித் துணியில் தீட்டுகின்றனர். வாயிலே ஏழடி அகலமானால் அதனை உள்ளே கொண்டு போவது எங்ஙனம்?

இதற்குக் கட்டடக் கலைஞர் நரேஷ் நரசிம்மன் கண்ட வழி, பழைய வீட்டை வீடாகவே விட்டுப் புதிய கூடம் ஒன்றைத் தனியே சேர்ப்பது. பழைய மாளிகையில் பழைய காலத்து ஓவியங்களும், புதிய கட்டடத்தில் பெரிய அளவிலான புதிய படைப்புகளும் இடம்பெற வாய்ப்பு ஏற்பட்டது. கேட்போர் மண்டபம், நூலகம், சிற்றுண்டிச்சாலை ஆகியனவும் சேர்ந்தன. தோட்டத்து மரங்கள் நின்றன. 2009 பெப்ரவரி 18-ஆம் நாள் கூடம் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 500 படைப்புகள் காட்சிக்கு வந்தன. இரவிவர்மா வந்தார், தாகூர் குடும்பத்தார் வந்தனர், யாமினி ராயும் சேர்கிலும் வந்தனர். அதே 2009-இல் தில்லி ஜெய்ப்பூர் மாளிகையிலும் புதிய பகுதி திறக்கப்பட்டது. பழைய இடத்தைப்போல ஆறு மடங்கு இடம் அங்கே கிடைத்தது. தேசியக் கூடத்தின் மொத்தத் தொகுதி 17,000 படைப்புகளுக்கு மேற்பட்டது என்பதை நினைவிற் கொண்டால், எத்தனை எத்தனை ஓவியங்கள் சுவர் இல்லாமையால் இருட்டறையில் காத்திருந்தன என்பது விளங்கும்.

பழைய வீட்டோடு புதிய கூடத்தை இணைக்கும் இவ்வழி பெங்களூரில் முதன்முதல் தோன்றியதன்று. தென்மார்க்கு நாட்டில், கோப்பன்கேகனுக்கு வடக்கே கடற்கரையில் இலூசியானா என்று ஓர் அருங்காட்சியகம் உண்டு. 1855-இல் ஒரு கனவான் கட்டிய வில்லா அது. அவர் வாழ்நாளில் மும்முறை மணந்தார். மூன்று மனைவியர்க்கும் பெயர் இலூயிசு! ஆகவே வீட்டிற்கும் அப்பெயர் அமைந்தது. பெயர்ப்பலகையை மாற்றும் செலவு மிச்சம் என்று நினைத்திருக்கலாம். 1958-இல் கனுத் யென்சன் என்னும் வணிகர் அவ்வீட்டை நவீன கலைக்கூடம் ஆக்கினார். பழைய வீட்டை நுழைவாயிலாக வைத்துக்கொண்டு, மரங்களுக்கு நடுவே தாழ்வான கண்ணாடி நடைவழிகளாகக் கூடத்தை வளர்த்துச் சென்றனர் கட்டடக் கலைஞர் இருவர். வருவோர் முதலில் ஒரு வீட்டு வாசலில் கால் வைக்கின்றனர். பிறகுதான் கலைக்கூடம் தொடங்குகின்றது.

வீட்டு வாசலில் கால் வைப்பது என்பது சிறிய செய்தி போலத் தோன்றும். நான் அதனைப் பெரிதாக மதிக்கின்றேன். பெரிய தூண்களும் நூறு படிகளும் உடைய பொருட்காட்சிசாலையின் முன் நிற்கும்போது, சிற்றூரிலிருந்து வந்தவருக்கு உள்ளே போகலாமோ போகக்கூடாதோ என்ற தயக்கம் எழுகின்றது. வீட்டிற்குள் நுழைய யாருக்கும் தெரியும். தாழ்வாரம், கூடம், மாடிப்படி, மேல் அறை என்று கால் தானே வழி காண்கின்றது. ஓவியங்களும் மனித அளவில் நிற்கின்றன. ஏனெனில் அவற்றுட் பல, வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கென்றே தீட்டப்பெற்றவை. இரவிவர்மாவுக்குப் பணம் கொடுத்து எழுதச் சொன்னவர்கள் இத்தகைய மாளிகைகளில் வாழ்ந்தவர்களே. ஓவியம் தன் பிறந்த வீட்டிற்குத் திரும்பியிருக்கின்றது. ஆனால் கதவு இம்முறை எல்லோருக்கும் திறந்திருக்கின்றது. மாணவரே, உம் வினாவிற்கு விடையின் இரண்டாம் பகுதி இது.

இதில் எதிர்வாதம் இல்லாமல் இல்லை. நவீன ஓவியர் பலர் செல்வர் மாளிகையையும் அதன் சுவையையும் எதிர்த்து எழுந்தவர்கள். சென்னைக் கலைப்பள்ளியின் தலைவராயிருந்த கே. சி. எஸ். பணிக்கர், தம் மாணவரும் நண்பருமாகிய ஓவியரை அழைத்துக்கொண்டு 1966-இல் சென்னைக்குத் தெற்கே கடற்கரை மணலில் சோழமண்டலக் கலைக்கிராமத்தை அமைத்தார். செல்வரையோ அரசையோ எதிர்பாராமல், துணியில் மெழுகுச் சாயவேலை செய்து விற்ற பணத்தில் வாழ்ந்துகொண்டு ஓவியம் தீட்ட வேண்டும் என்பது அவர்களுடைய முடிவு. தம் வீட்டைத் தாமே கட்டிக்கொண்ட அவர்களுடைய படைப்பை, ஏலம் போன பங்களாவில் மாட்டுவது பொருந்துமா என்று ஒருவர் கேட்கலாம். பொருந்தாமையிலும் ஒரு சுவை உண்டு என்பது என் கருத்து. எழுத்தும் குறியும் சாதகக் கட்டமும் கலந்த பணிக்கரின் 'சொல்லும் குறியும்' வரிசை ஓவியத்தைப் பூவேலை செய்த பழைய மேற்கூரையின் கீழ் ஒருவர் காண நேர்ந்தால், இரண்டு காலங்கள் ஒன்றையொன்று உற்று நோக்குவதையும் உடன் காண்பார்.

மாணிக்கவேலு முதலியார் இவ்வீட்டைக் கலைக்கென்று கொடையாக அளிக்கவில்லை. அறக்கட்டளை எழுதிக் கல்லில் பெயர் பொறித்தவர் அல்லர்; கடனால் இழந்தவர். ஆயினும் வீட்டை வாங்கிய டிரஸ்டு போர்டின் பெயரோ, விற்ற யுவராஜரின் பெயரோ, குத்தகைக்கு எடுத்த துறையின் பெயரோ அதற்கு ஒட்டவில்லை. இழந்தவரின் பெயரே நிலைத்தது. பெங்களூரில் ஆட்டோ ரிக்‌ஷாக்காரரிடம் 'மாணிக்கவேலு மேன்சன்' என்று சொன்னால் போதும்.

வெளியூர்க் கதை போதும். நம் பக்கத்திற்கு வருவோம். மதுரையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் காரைக்குடி. செட்டிநாட்டு ஊர்களில் பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கொண்டு கட்டிய வீடுகள் ஒரு தெருவிலிருந்து மறு தெரு வரை நீண்டு கிடக்கின்றன. பர்மாவிலும் மலாயாவிலும் ஈட்டிய பொருள் அவற்றை எழுப்பியது. அந்நாடுகளில் யுத்தத்தால் வாணிகம் குலைந்தபோது அவற்றின் விளக்குகள் அவியத் தொடங்கின. மாணிக்கவேலு முதலியாரின் கதை அங்கே நூறு முறை நடந்திருக்கின்றது. பங்காளிகள் பலராய்ப் பிரிந்து உலகின் பல மூலைகளில் வாழ்கின்றனர். ஆண்டுக்கொரு முறை படையலுக்குக் கூடிக் கதவைப் பூட்டிச் செல்கின்றனர். சில வீடுகள் விடுதிகளாகிப் பிழைத்தன. சில, பிரித்து விற்கப்பட்டன. காரைக்குடியின் பழம்பொருட் கடைத் தெருவில் நிலைக்கதவுகளும் தேக்குத் தூண்களும் இரவிவர்மா அச்சுப்படங்களும் சாய்த்து வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஒரு தூண் ஒரு நகரத்து உணவு விடுதிக்கும் இன்னொன்று வேறொரு நகரத்துக்கும் போகின்றது. சொக்கநாதராவது அரண்மனையைப் பிரித்து இன்னோர் அரண்மனை கட்ட முயன்றார்.

அவ்வீடுகளுள் ஒன்றில் தமிழ்நாட்டு ஓவியரின் படைப்புகளைத் தொங்கவிட வேண்டும் என்று என் போன்றோர்க்கு ஆசை உண்டு. சிற்பி தனபால், பத்திரிகைகளின் வாயிலாகத் தம் கோட்டோவியங்களைத் தமிழ் வாசகர்க்குப் பழக்கிய ஆதிமூலம் முதலியோரின் படைப்பை, முற்றத்து வெளிச்சம் படாத வளவு அறைகளில் வைத்துப் பார்ப்பதாக மனத்தில் எண்ணிப் பாருங்கள். எண்ணுவது எளிது, பங்காளிகள் இருபது பேரும் ஒரே தாளில் கையெழுத்திட வேண்டும் என்பதே அங்கே முதற்றடை. மாணிக்கவேலு மாளிகைக்கு அத்தொல்லை இல்லை. ஏலம் அதனை முன்பே தீர்த்துவிட்டிருந்தது.

மதுரையிலிருந்து பெங்களூருக்கு இரவில் புறப்படும் இரயிலில் ஏறினால் காலையில் இறங்கலாம். திங்கட்கிழமைகளில் கூடத்திற்கு விடுமுறை. அதனை அறியாமல் சென்று பூட்டிய வாயிலைப் பார்த்துத் திரும்பியவர்களுள் நானும் ஒருவன். உள்ளே சென்றவுடன் ஓவியங்களுக்கு விரையாமல் சிறிது நேரம் தாழ்வாரத்தில் நில்லுங்கள். தோட்டத்து மரங்களைப் பாருங்கள். ஒரு பெரிய குடும்பம் நாள்தோறும் காலையில் பார்த்திருந்த காட்சி அது. பிறகு உள்ளே சென்று இரவிவர்மாவைத் தேடுங்கள். படத்திற்கு அருகே உள்ள சீட்டில் கிளிமானூர் என்று எழுதியிருக்கும். மதுரை அழகிரி நாயுடுவின் பெயர் இராது. அதை நீங்கள் உடன் வந்த நண்பரிடம் சொல்லலாம்.